நூறடிச் சுருளும் ஆலைக் கேசட்டும்

இவ்வாண்டு நமது கல்லூரிப் புகைப்படச் சங்கத்தின் கூட்டங்களில், வேறெந்த விஷயத்தைக் குறித்தும் நிகழாத அத்துணை நீண்ட வாதம் ஒரு பொருளைக் குறித்து நிகழ்ந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த இருட்டறையை மீண்டும் திறப்பதென்று முடிவாயிற்று. பிலிம் வாங்குதற்கெனச் சிறு தொகையும் ஒதுக்கப்பட்டது. அத்தொகையைக் கொண்டு நூறடி நீளமுள்ள பிலிம் சுருளை வாங்கி, வேண்டும் அளவுக்கு வெட்டி, நாமே கேசட்டுகளில் அடைத்து மாணாக்கர்க்கு வழங்குவதா, அன்றி ஆலையிலேயே அடைத்துப் பெட்டியிலிட்டு வரும் ரோல்களை வாங்கிக் கொடுப்பதா என்பதே அவ்வாதம். இரு திறத்தாரும் பணக்கணக்கை முன்வைத்தே பேசினர். எது மலிவு என்று அறிந்துவிட்டால் எது நன்று என்பதும் அறிந்ததாகும் என்று இரு திறத்தாரும் எண்ணினர். நாம் அங்ஙனம் எண்ணவில்லை. அன்று கூட்டம் முடிய நேரமாகிவிட்டபடியால் சொல்லாது விட்டதை ஈண்டு எழுதுகின்றோம்.

சட்டைப்பையில் கிடக்கும் தொலைபேசியே ஆயிரம் படம் எடுக்கும் இக்காலத்தில் பிலிமைப் பற்றிப் பேசுவதே வீண் என்பார்க்கு விடையிறுக்க நாம் புகவில்லை. இருட்டறை வேண்டுமென்று மனுக் கொடுத்தவர்கள் முதியோர் அல்லர். 18, 19 வயதினரான மாணாக்கரே. அவர்கள் கேட்டது கிடைத்தது. அதனை எங்ஙனம் ஆள்வது என்பதே இப்பொழுதுள்ள கேள்வி.

நாமே சுருளை வெட்டி அடைத்துக்கொள்வது ஏழைகளின் உபாயம் என்றும், ஆலைக் கேசட்டே முறையான பொருள் என்றும் கூட்டத்தில் ஓர் அன்பர் கூறினார். வரலாறு இதற்கு நேர்மாறானது. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் முதற்கண் சினிமாவிற்கென்றே பிறந்தது. ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பார், சினிமாப் படத்துக்கு நான்கு பல்துளைகள் செல்வது போக, எட்டுப் பல்துளைக்கு ஒரு படமாக, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் பதியும் சிறிய காமிராவை ஆக்கினார். 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்னும் பெயரால் வெளிவந்தது. அதனை வாங்கியோர் இருட்டறையில் அமர்ந்து, சினிமா பிலிமை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மிகையாக வெட்டிப் பித்தளைக் கேசட்டில் தாமே சுற்றிக்கொண்டனர். பட்டப்பகலில் காமிராவில் இடத்தக்கதாயும், ஒருமுறை பயன்படுத்தியபின் எறிந்துவிடத்தக்கதாயும் உள்ள கேசட்டைக் கொடாக் நிறுவனம் 1934ஆம் ஆண்டில் தனது ரெட்டினா காமிராவுடன் வெளியிட்டது. ஆகவே, இவ்விரண்டனுள் ஆலைக் கேசட்டே இளையது. நூறடிச் சுருளின் வழக்கமே மூத்தது.

பிற்காலத்தும் அவ்வழக்கம் ஒழிந்துவிடவில்லை. சோவியத் ருஷியாவில் கேசட்டு இல்லாமலே, கருங்காகிதத்தில் பொதிந்த ஒரு ரோல் அளவுப் பிலிம் கடைகளில் விற்றது. வாங்கியோர் வீட்டில் விளக்கணைத்து அடைத்துக்கொண்டனர். நம் நாட்டிலும், அயல்நாட்டுச் சரக்குக்குக் கட்டுப்பாடு மிகுந்திருந்த ஆண்டுகளில், ஸ்டூடியோக்காரர் தாமே அடைத்த ரோல்களைக் குறைந்த விலைக்கு விற்றதைப் பழைய மாணவர் பலர் நினைவுகூர்வர். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ பிலிமை அறியாத ஸ்டூடியோ அக்காலத்தில் அரிது. அவ்வறுமையைத் தீர்க்கும் பொருட்டே உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்க ஆலை நிறுவப்பெற்று, 1967 முதல் பிலிம் செய்து வந்தது. அதுவும் ஓய்ந்துவிட்டது. இன்று நூறடிச் சுருள் வேண்டுவார் இங்கிலாந்தில் மாபர்லி என்னுமிடத்து இல்போர்டு ஆலையையோ, செக் நாட்டுப் போமா ஆலையையோ போன்ற அயல்நாட்டு ஆலைகளையே நம்பவேண்டியவராயிருக்கின்றார்.

நிற்க. பணக்கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நூறடி என்பது 30.5 மீட்டர். ஒரு படத்துக்கு 36 மில்லிமீட்டரும் இடைவெளி 2 மில்லிமீட்டருமாக, 36 படங்கட்கு 1368 மில்லிமீட்டர் செல்லும். இதனோடு காமிராவில் மாட்டுதற்குரிய நாக்கும், ஸ்பூலில் ஒட்டும் வாலும் சேர, ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் படம் பதியாமலே கழியும். ஆக ஒரு ரோலுக்கு 1.65 மீட்டர். நூறடியில் 36 படமுள்ள ரோல்கள் 18 கிடைக்கும், படங்கள் 648. விலைவாசி மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை ஈண்டு எழுதவில்லை. நூறடிச் சுருளின் விலையை 18ஆல் வகுத்து, அதே பிலிமின் ஆலை ரோல் விலையோடு ஒப்பிடுக. முழு ரோலாக அடைப்பார்க்கு மலிவா அன்றா என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துபோம்.

ஆயின் நாம் பரிந்துரைப்பது 36 படமுள்ள ரோல் அன்று. 12 படமுள்ள சிறு ரோல். இங்கேதான் நம்மைச் சிக்கனக் கட்சியினர் என்று எண்ணிக் கைதட்டிய நண்பர்கள் ஏமாறுவர். 12 படங்கட்கு 456 மில்லிமீட்டரே போதும். ஆனால் நாக்கும் வாலும் குறையா. அந்த 28 சென்டிமீட்டர் ஒவ்வொரு ரோலிலும் கழிந்தே தீரும். எனவே நூறடியில் சிறு ரோல்கள் 41 கிடைக்கும்; படங்களோ 492 மட்டுமே. 156 படங்கள், அஃதாவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, நாக்காகவும் வாலாகவும் குப்பைக்குப் போகும். நூறடிச் சுருளின் விலை ஆலை ரோல் பதினான்கின் விலைக்கு மேற்படுமாயின், சிறு ரோலில் எடுக்கும் ஒவ்வொரு படமும் ஆலை ரோலில் எடுப்பதைவிடக் கூடுதலாகவே செலவு வைக்கும். மருந்துச் செலவு வேறு. கழுவும் தொட்டியில் ஒரு ரோலுக்கு வேண்டும் மருந்து 300 மில்லிலிட்டர் என்றால், 12 படத்துக்கும் அதுவே, 36 படத்துக்கும் அதுவே. பிலிம் நனைய வேண்டுமே!

இவ்வளவும் அறிந்தும் சிறு ரோலையே ஏன் வேண்டுகின்றோம்? ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கின்றோம். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்திக்குச் சென்ற ஆண்டு ஆலை ரோல் ஒன்று கொடுக்கப்பட்டது. ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரையில் நாலைந்து படம் எடுத்தாள். 36 என்னும் எண் அவளை அச்சுறுத்தியது போலும். ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி, கிறிஸ்துமஸ் வரையில் இருபதைத் தாண்டவில்லை. தைப் பொங்கல் கழிந்தபின்னரே ரோல் முடிந்து கழுவப்பட்டது. ஆற்றங்கரைப் படங்கள் நான்கும் வெளிறிக் கிடந்தன. என்ன வேகம் வைத்தாய், என்ன துவாரம் வைத்தாய் என்று வினவினோம். ஆறு மாதத்துக்கு முன் விரல் செய்ததை எவர் நினைவில் வைத்திருப்பர்? குறிப்பேட்டிலும் அவள் எழுதவில்லை. பிழை கண்முன் இருந்தது. அது எதனால் நேர்ந்தது என்பது போய்விட்டது. ஒரு ரோல் முழுதும் செலவாகி அவள் கற்றது யாதொன்றுமில்லை. அவளிடம் 12 படமுள்ள ரோல் இருந்திருப்பின், அன்று மாலையே இருட்டறைக்கு வந்திருப்பாள். மறுநாள் அதே ஆற்றங்கரைக்குப் போய்த் திருத்திக்கொண்டிருப்பாள்.

எனவே நூறடிச் சுருளின் மெய்யான சிறப்பு அதன் விலையிலன்று. நீளம் நம் கையில் இருப்பதிலேயே உள்ளது. ஆலை, ரோலின் நீளத்தைத் தான் நிர்ணயித்து அனுப்புகின்றது. 36 என்பது பயணம் செல்வார்க்கும் பத்திரிகைக்குப் படமெடுப்பார்க்கும் ஏற்ற எண்ணாகலாம். கற்போர்க்கு ஏற்ற எண் அஃதன்று. ஒரே மரத்தை ஒரே காலைப் பொழுதில் ஆறு விதமாக எடுத்து, ஆறையும் அன்றே நெகட்டிவாகக் காண்பவன் ஒளியைக் கற்பான். அவனுக்கு எட்டுப் படம் போதுமாயின் எட்டுக்கே அடைத்துக் கொடுக்கலாம். மற்றொரு அநுகூலமும் உண்டு. நூறடி தீரும் வரையில் அனைவரும் ஒரே பிலிமைக் கையாள்வதால், ஒருவன் கண்ட நேரமும் மருந்தின் சூடும் மற்றவனுக்கும் உதவும். கடையில் கண்ட புதுப் பெட்டியையெல்லாம் வாங்கிச் சோதிப்பவர் எந்தப் பிலிமையும் அறியாமலே முதுமை எய்துவர். (இதனை நமது சொந்த அநுபவத்திலிருந்தே கூறுகின்றோம்.)

இனி, மறுபக்கத்தையும் ஒளியாது கூறுதல் முறை. நாமே அடைத்த ரோலை நம்பி நாம் இழந்த ஒன்று உண்டு. அதனை எண்ணுந்தோறும் இன்றும் வருந்துகின்றோம். சில ஆண்டுகட்கு முன், மாணாக்கர் அனைவரும் அண்ணாச்சி என்று அழைத்துவந்த விடுதிச் சமையற்காரர் ஓய்வு பெற்றார். அவரைத் தனியே நிற்கவைத்து எவரும் அதுவரை படமெடுத்ததில்லை. குழுப்படங்களில் கடைசி வரிசையின் ஓரத்தில் பாதி முகமாகத் தெரிவார். அன்று காமிராவில் இருந்தது நாம் முன்னாளிரவு அடைத்த ரோல். அடுப்பங்கரையில் தொடங்கி, அவர் பந்தி பரிமாறுவதும், பிள்ளைகள் சூழ நிற்பதும், மனைவியோடு வாயிலில் நிற்பதுமாக எல்லாவற்றையும் எடுத்தோம். ரோல் முடிந்ததும் திருப்பிச் சுற்றினோம். கைப்பிடி வழக்கத்தைவிட எளிதாய்ச் சுழன்றது, அதனைப் பொருட்படுத்தவில்லை. வேப்பமர நிழலில் முதுகைத் திறந்தோம். கேசட்டு காலியாயிருந்தது. பிலிம் முழுதும் எதிர்ப்புறத்து உருளையில் சுற்றியபடி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேர்ந்தது இதுதான். பிலிமின் வாலை ஸ்பூலில் ஒட்டும்போது நாம் பயன்படுத்திய ஒட்டுத்தாள் பழையது. கோடை வெப்பத்தில் அதன் பசை இளகியிருந்தது. கடைசிப் படத்துக்கு நெம்பியபோது வால் கழன்று, பிலிம் முழுதும் கேசட்டை விட்டு வெளியேறிவிட்டது. உடனே மூடினோமாயினும், மேற்சுற்றுகள் யாவும் கருகிவிட்டன. உருளையின் உட்சுற்றில் இருந்த முதல் நான்கு படங்கள் மட்டும் தப்பின. அவை அவர் வருமுன் வெளிச்சம் பார்க்க எடுத்தவை: அடுப்பு, அதன்மேற் பெரிய அண்டா, சுவரில் மாட்டிய கரண்டிகள், வாயிற்படியில் அவர் கழற்றிவைத்த செருப்பு. அண்ணாச்சி அவற்றில் இல்லை. மறு ஐப்பசியில் அவர் காலமானார். வீட்டில் மாலையிட ஒரு படம் உண்டா என்று அவர் மகன் நம்மிடம் வந்து கேட்டபொழுது, நம்மிடம் இருந்தது செருப்பின் படமே.

ஆலை ரோலிலும் பிழை நேர்வதுண்டு. ஆனால் வால் கழன்று வந்த ஆலை ரோலை நாம் கண்டதில்லை. அங்கே தூசியில்லா அறையில் இயந்திரம் சுற்றுகின்றது, ஒட்டுகின்றது, மூடியை நெரித்துப் பூட்டுகின்றது. படத்தின் எண் 1 முதல் 36 வரை விளிம்பில் ஒழுங்காய் விழுகின்றது. நூறடியின் விளிம்பிலும் எண்கள் உண்டெனினும், அவை நமது காமிராவின் எண்ணோடு ஒத்துவாரா. ஒரு ரோல் 23இல் தொடங்கும், மற்றொன்று 7இல் தொடங்கும். 1983 முதல் ஆலைக் கேசட்டின் மேல் கறுப்பும் வெள்ளியுமான கட்டங்கள் பொறிக்கப்படலாயின. தானியங்கிக் காமிரா அவற்றைத் தொட்டறிந்து பிலிமின் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும். நாம் அடைத்த வெறுங் கேசட்டை இட்டால் அத்தகைய காமிராக்களுட் பல 100 என்று கொண்டுவிடும். 400 வேகப் பிலிம் அடைத்தவர் பிறகு வியப்பார். கையாலேயே எல்லாம் திருப்பும் பழைய காமிரா உடையார்க்கு இத்தொல்லை இல்லை.

நூறடியை அடைக்கும் லோடர் என்னும் கறுப்புப் பெட்டியைப் பற்றியும் சில சொல்லவேண்டும். சுருளை அதனுள் வைப்பது மட்டுமே முழு இருளில் செய்யவேண்டிய வேலை. பிறகு விளக்கொளியிலேயே கைப்பிடியைச் சுழற்றி அடைக்கலாம். ஆயினும் ஒட்டும் பொருட்டு வெளியே இழுத்த வாற்பகுதி வெளிச்சம் கண்டதே. ஆகையால் ரோலின் கடைசி ஓரிரு படங்கள் கருகியே இருக்கும். நல்ல படத்தைக் கடைசிக்கு வைப்பவர் இதனை நினைவில் வைக்க. கேசட்டின் வாயில் உள்ள வெல்வெட்டில் ஒரு மணல் தங்கினும் போதும், முதற்படம் தொட்டு முடிவு வரை தண்டவாளம் போலக் கோடு விழும். நமது மாணாக்கர் விளையாட்டு மைதானத்தின் வழியே நடந்து இருட்டறைக்கு வருகின்றனர் என்பதை நினைவூட்டுகின்றோம். பிளாஸ்டிக் கேசட்டு தரையில் விழுந்தால் மூடி தெறித்துத் திறந்துகொள்ளும். மற்றும், இருக்கும் பிலிம்தானே என்று 40 படத்துக்கு அடைக்கும் பேராசையும் நம்மவர்க்கு உண்டு. கழுவும் உருளையில் அது கொள்ளாது, ஒரு சுற்று மற்றொன்றோடு ஒட்டி, மருந்து படாத திட்டுகள் படத்தின் நடுவே பாலாடைபோலப் படியும்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் தனி விஷயம். ஆலை ரோல் ஒவ்வொன்றும் தன் டப்பியுள் இறுக மூடியிருக்கின்றது. எடுப்பதற்கு முந்திய நிமிஷம் வரை நம் காற்று அதனைத் தீண்டாது. நூறடிச் சுருளோ திறந்தது முதல் தீரும் வரையில், ஓராண்டாயினும், அதே பெட்டியுள் நம் மழைக்காலத்தையும் கோடையையும் காண்கின்றது. கெட்டால் ஒன்று கெடாது, எஞ்சியதெல்லாம் கெடும். லோடரைச் சிலிகா ஜெல்லுடன் கெட்டியான பையிற் கட்டிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். எடுத்தவுடன் திறவாது சில மணி நேரம் பையோடே வைத்திருத்தல் வேண்டும்; இன்றேல் வேனிற்காலத்துக் குளிர்நீர்ச் செம்புபோலப் பிலிம் வியர்க்கும். சிலிகா ஜெல் கிடைக்காதவிடத்து, பொன்னிறமாக வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து வைப்பினும் ஈரத்தை உறிஞ்சும். அரிசிக்கு விடுதியைக் கேட்டால் இல்லையென்னார்.

ஆகவே நமது கட்சி இது. முதலிரண்டு ஆண்டு மாணாக்கர்க்குக் கற்பதற்குரிய பிலிம் யாவும் நூறடிச் சுருளிலிருந்தே, சிறு ரோலாக, அவரவர் கையாலேயே அடைக்கப்படுக. மலிவாயினும் சரி, மிகையாயினும் சரி. வால் கழல்வதும் கோடு விழுவதும் அவர்கட்கு நேரட்டும். ஆற்றங்கரையும் மரமும் நாளையும் அங்கேயே இருக்கும். ஆனால் மீண்டும் வாராத நாளுக்கு, பட்டமளிப்புக்கு, முதியோர் படத்துக்கு, ஓய்வு பெற்றுச் செல்வார் முகத்துக்கு, ஆலை ரோலே காமிராவில் இருக்க வேண்டும். எது எத்தகைய நாள் என்பதை எங்ஙனம் முன்னறிவது என்று ஒரு நண்பர் கேட்டார். அறிய முடியாதுதான். அண்ணாச்சியின் ஓய்வு நாள் ஒரு மாதத்துக்கு முன்னரே அறிவிப்புப் பலகையில் இருந்தது. அதை அறிந்தும் நாம் அடைத்த ரோலைக் கொண்டு சென்றோம். அறிய முடிந்த நாள்களையேனும் அறிந்து நடப்போமாக. அலமாரியில் எப்பொழுதும் ஆலை ரோல் ஆறேனும் தனியே பூட்டி வைத்திருக்க வேண்டுமென்று செயலாளரை வேண்டுகின்றோம். பயிற்சி வகுப்பில் பிலிம் தீர்ந்துவிட்டது என்று எவர் கெஞ்சினும் திறவற்க.

அடைத்த கேசட்டு ஒவ்வொன்றின் மேலும் பிலிமின் பெயர், படத்தொகை, அடைத்த தேதி, அடைத்தவர் பெயரின் முதலெழுத்து ஆகிய நான்கும் எழுதப்பட வேண்டும். நமது அலமாரியில் இப்பொழுதே பெயரில்லாத கேசட்டுகள் பதினொன்று கிடக்கின்றன. எடுத்ததோ எடாததோ, எந்தப் பிலிமோ, யார் அடைத்ததோ ஒருவரும் அறியார், எறியவும் மனமில்லை.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். தங்கள் வீட்டுப் பரணில் பழைய லோடரோ, திருகு மூடியுள்ள வெற்றுக் கேசட்டுகளோ கிடப்பின், சங்கத்தின் பெயருக்கு அனுப்பி உதவுக. கழுவும் நிலையங்களில் எறியும் ஆலைக் கேசட்டுகளும் பயன்படும். வாயில் ஓர் அங்குல பிலிம் நீண்டிருக்குமாறு வெட்டச் சொன்னால், அதனோடு புதுப் பிலிமை ஒட்டி உள்ளே சுற்றிக்கொள்ளலாம். மூடி நெகிழ்ந்த கேசட்டுகள் வேண்டா. அவை நம்மிடமே நிரம்ப உள்ளன. ஒட்டுத்தாள் மட்டும் புதிதாகவே வாங்கிவிட்டோம்.